கழுநீர்ப் பானை சொல்லும் பாடம்

நம் பாட்டிமார்களுக்குச் 'சுற்றுப்புறச் சூழல்' என்ற வார்த்தையே தெரியாது. ஆனால் கொல்லைப்புறத்தில் ஒரு கழுநீர்ப் பானை வைத்திருந்தார்கள். அரிசி களைந்த ஜலம், காய்கறித் தோல், மிச்சக் கஞ்சி எல்லாம் அதில் போய்ச் சேரும். அங்கிருந்து மாட்டுக்குப் போய், மறுநாள் காலையில் பாலாகத் திரும்பி வரும். குளித்த ஜலம் வாழைக்குப் பாயும். அமாவாசைக்குத் தலைவாழை இலையாகத் திரும்பி வரும்.

அந்தக் கழுநீர்ப் பானையில் யாராவது விளையாட்டாக ஒரு பிடி சலவைச் சோடாவைக் கொட்டிவிட்டால் போதும். பாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாது! "அடி அசடே! வாயில்லா ஜீவன் குடிக்கிற தண்ணீராச்சே!" என்று வீடே அதிரும்படி ஒரு சத்தம் போடுவாள்.

நேயர்களே, ஆலைக் கழிவு நீரைச் சுத்தம் செய்வதைப் பற்றி என்ஜினீயர்கள் தடித் தடியாகப் புஸ்தகம் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுக்கும் முதல் பாடம் பாட்டியின் அந்த ஒரு வசவிலேயே இருக்கிறது. எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது? வெளியே போகிற தண்ணீரைக் கடைசியில் யார் குடிக்கப் போகிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளும்தான் அந்தப் பாடம்.

"அதெல்லாம் ஆலை முதலாளிகளின் கவலை. குழம்புக்குப் புளி கரைக்கிற நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆலையின் கணக்குப் புஸ்தகம் முதலாளியிடம் இருக்கலாம்; தண்ணீர்க் குடம் நம் இடுப்பில் அல்லவா இருக்கிறது? வாருங்கள், ஓர் ஆற்றோடு கூடவே கொஞ்ச தூரம் போய்விட்டு வருவோம்.

கம்மாபுரத்தில் புறப்படுவோம்

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகும் சாலையில் கம்மாபுரம் இருக்கிறது. நெல்லும் கரும்பும் விளைகிற வட்டாரம். சற்று வடகிழக்கே திரும்பினால் நெய்வேலி. அங்கே 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மறு வருஷமே அதை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அன்று முதல் நம்மில் எத்தனையோ பேர் வீட்டு விளக்கு அந்தக் கரியில்தான் எரிந்திருக்கிறது.

ஆனால் நெய்வேலியில் கரியை எடுப்பதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. அது தண்ணீரை இறைப்பது! நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்று நீர் பிரமாதமான அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே இராப் பகலாகப் பம்புகள் இறைத்துக்கொண்டே இருக்கின்றன. இதனோடு மழை நீரும் சேர்ந்துகொள்ளும்.

இப்படி வெளியேறும் தண்ணீர் ஓடைகள் வழியே பரவனாற்றோடு சேர்ந்து வாலாஜா ஏரிக்கும், பிறகு பெருமாள் ஏரிக்கும் போகிறது. வழியெல்லாம் வயல்கள். தெளிந்து வந்தால் இந்தத் தண்ணீர் குடியானவனுக்கு ஒரு வரப்பிரசாதம். மழை பொய்த்த வருஷத்திலும் நாற்றங்கால் காயாது. ஆனால் சுரங்கத்துக் களிமண்ணையும் கரித் தூளையும் சுமந்துகொண்டு வந்தாலோ, அதுவே ஏரிக்கு எமன். பல வருஷ வண்டல் சேர்ந்து வாலாஜா ஏரி தூர்ந்து போய், ஏரி இருந்த அடையாளமே மங்கிவிட்டது. பிறகு 2010-களில்தான் அதைத் தூர் வாரி மீட்டார்கள். 2023-ல் பூவுலகின் நண்பர்கள் முதலான அமைப்புகள் நெய்வேலியைச் சுற்றியுள்ள தண்ணீரையும் மண்ணையும் பரிசோதித்துக் குறைகள் சொல்லின. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிற்று.

தண்ணீர் ஒன்றுதான். தெளிய வைத்து அனுப்பினால் வரம். அப்படியே திறந்துவிட்டால் வண்டல். நடுவில் இருப்பது என்ன? ஒரு தெளிவுக் குட்டையும், அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளும்தான்.

எழுபத்தேழு மார்க்கு!

பெருமாள் ஏரியைத் தாண்டியதும் நம்முடைய ஆறு கடற்கரைக்கு இணையாக வடக்கே திரும்புகிறது. உப்பங்கழியாக மாறுகிறது, பெயரும் உப்பனாறு என்று மாறுகிறது. கடலூர் துறைமுகத்தருகே கடலில் கலப்பதற்கு முன் அது சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிப் போகிறது. மருந்து, சாயம், பூச்சி மருந்து, ரசாயனம் என்று பலவித ஆலைகள் 1980-களிலிருந்து அங்கே எழுந்தன. கரையோரத்தில் குடிகாடு, ஈச்சங்காடு போன்ற கிராமங்கள். இன்னும் சற்றுத் தள்ளினால் வலை வீசிப் பிழைக்கும் குப்பங்கள்.

2009-ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்திய தேசத்துத் தொழில் வட்டாரங்களுக்கெல்லாம் ஒரு பரீட்சை வைத்தது. நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கும் போட்டது. கடலூர் வாங்கியது 77.45. நம் வீட்டுப் பையன் எழுபத்தேழு மார்க்கு வாங்கினால் பாயசம் வைப்போம். ஆனால் இது மாசுக்குப் போட்ட மார்க்கு! எழுபதைத் தாண்டினாலே 'மிகக் கடுமையாக மாசடைந்த இடம்' என்று அர்த்தம். தமிழ்நாட்டில் இப்படி 'முதல் வகுப்பில்' தேறியவை நான்கு: வேலூர், கடலூர், மணலி, கோயம்புத்தூர். 2010-ல் இத்தகைய இடங்களில் புது ஆலைகளுக்கு அனுமதி கொடுப்பதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள்.

அதற்கு முன்பே, 2004-ல், உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்து பார்த்தது. பாதிக்கப்பட்ட கிராமங்களுக்கு நல்ல குடிதண்ணீர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லிற்று. இந்த ஒரு வரிக்குள் எத்தனை பெண்களின் கதை அடங்கியிருக்கிறது, யோசித்துப் பாருங்கள். வாசலிலேயே கிணறு இருக்கும், வாளியும் கயிறும் இருக்கும், தண்ணீரும் இருக்கும். ஆனால் எடுத்து வாயில் வைக்க முடியாது! லாரி எப்போது வருமோ என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

தயிருக்கு உறை ஊற்றத் தெரியுமல்லவா?

சரி, கெட்டுப்போன தண்ணீரை நல்லதாக்க முடியுமா? பேஷாக முடியும். அதன் மர்மம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் ஒரு பெரிய தொட்டி. காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் வருகிற கழிவை அதில் விட்டுக் கலந்து, ஒரே சீராக்குகிறார்கள். பிறகு புளிப்பு அதிகமாயிருந்தால் சுண்ணாம்பு சேர்த்துச் சமன் செய்கிறார்கள். குழம்பில் புளி தூக்கலாகிவிட்டால் நாம் சும்மா விட்டுவிடுகிறோமா? அது போலத்தான். அடுத்தபடியாகப் படிகாரம் போன்ற சரக்குகளைப் போடுகிறார்கள். கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் அழுக்கெல்லாம் அடியில் போய்ப் படியும் அல்லவா? அந்த வித்தைதான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது.

இதற்குப் பிறகு வருவதுதான் அதிசயம். தண்ணீரில் கரைந்துபோன அழுக்கு எதற்கும் மசியாது. அதைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்! தொட்டிக்கு அடியிலிருந்து இடைவிடாமல் காற்றை ஊதுகிறார்கள். அந்தப் பிராணவாயுவை உண்டு, இந்த ஜீவன்கள் அழுக்கைச் சாப்பிட்டுப் பெருகுகின்றன. பிறகு தண்ணீரைத் தெளிய வைத்து, அடியில் தங்கும் குழம்பில் ஒரு பகுதியை எடுத்து மறுபடியும் காற்று ஊதுகிற தொட்டியிலேயே விடுகிறார்கள். இன்றையத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து நாளைக்கு உறை ஊற்றுகிறோமே, அதே காரியந்தான்! இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் 1914-ல் இரண்டு ரசாயன நிபுணர்கள் இந்த முறையைக் கண்டு சொன்னார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் உலகம் முழுவதும் இதுதான் பிரதான முறை.

இதற்கு ஒரு அளவுகோலும் இருக்கிறது. தண்ணீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். அதற்குப் பி.ஓ.டி. என்று பெயர். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு. ஆற்றில் விடுகிற ஆலைத் தண்ணீரில் இது 30-க்கு மேல் போகக் கூடாது; கடலில் விடுவதானால் 100 என்பது நம் நாட்டுப் பொது விதி. நம் வீட்டுச் சாக்கடையிலேயே 200, 300 இருக்கும். சாராய ஆலைக் கழிவிலோ 40,000-க்கும் மேலே! இதை அப்படியே ஆற்றில் விட்டால், ஆற்றிலுள்ள பிராணவாயு முழுவதையும் அழுக்கே குடித்துவிடும். மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும்.

கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால்?

கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயுமா? தோயாது. புது மருமகள்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டாள். சுத்திகரிப்பு நிலையத்திலும் அப்படித்தான். என்றைக்காவது ஒரு நாள் கடுமையான திராவகத்தையோ விஷச் சரக்கையோ ஒரேயடியாகத் திறந்துவிட்டால், அத்தனை நுண்ணுயிர்களும் மடிந்து போகும். மறுபடி வளர்க்க நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஆகும். கரண்டுச் செலவு மிச்சம் என்று ராத்திரி காற்று ஊதுவதை நிறுத்தினாலும் அதே கதி.

ஆகவேதான் இது இயந்திரம் வாங்கி வைத்தால் மட்டும் முடிகிற காரியம் அல்ல என்கிறேன். தினந்தோறும் தண்ணீரை எடுத்துப் பரிசோதிக்க ரசாயனம் படித்த ஒருவர் வேண்டும். நுரையின் நிறத்தைப் பார்த்தே தொட்டியின் உடம்புக்கு என்ன என்று சொல்லும் அனுபவசாலி வேண்டும். விலையுயர்ந்த அடுப்பை வாங்கி வைத்துவிட்டால் சமையல் ஆகிவிடுமா, என்ன?

தெரிந்தவர் கையில் இல்லாவிட்டால் சுத்திகரிப்பு நிலையமே ஆபத்தாகவும் முடியும். 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், கசடு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். தண்ணீரிலிருந்து பிரித்த விஷம் எங்கேயும் மறைந்து போய்விடுவதில்லை. அதையும் பத்திரமாக அடக்கி வைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

ஒரு டம்ளர் தண்ணீர்

வேஷத்துக்குச் சுத்திகரித்தால் என்ன ஆகும்? ஜப்பான் தேசத்தில் மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். அங்கிருந்த ஒரு ரசாயன ஆலை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டு வந்தது. மீன் தின்ற பூனைகள் பைத்தியம் பிடித்தாற்போல் சுழன்று சுழன்று விழுந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று. 1956-ல் அது ஒரு புது வியாதி என்று வெளிப்பட்டது. கொடுமையிலும் கொடுமை என்னவென்றால், தாய் பார்வைக்கு ஓரளவு நன்றாகத்தான் இருந்தாள்; அவள் வயிற்றுக் குழந்தை அந்த விஷத்தை வாங்கிக்கொண்டு பிறந்தது.

ஊர் கொதித்தெழுந்ததும் 1959 டிசம்பரில் ஆலைக்காரர்கள் ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தார்கள். ஆடம்பரமாகத் திறப்பு விழா நடத்தினார்கள். ஆலைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி மடமடவென்று குடித்துக் காட்டினார். ஜனங்கள் நம்பினார்கள். ஆனால் அந்த இயந்திரம் பாதரசத்தை நீக்குவதற்காகக் கட்டப்பட்டதே அல்ல! பாதரசக் கழிவு அதன் வழியே வரவும் இல்லை. இதெல்லாம் பிற்பாடு வெளிவந்தது. விஷம் கடலுக்குப் போவது 1968-ல்தான் நின்றது. 2013-ல் பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒரு டம்ளர் தண்ணீரை நான் மறப்பதே இல்லை. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா என்று கேட்டால் போதாது, சகோதரிகளே! அது வேலை செய்கிறதா, சரியான கழிவு அதற்குள் போகிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

திருப்பூர் கற்ற பாடம்

நல்ல சமாசாரமும் இருக்கிறது. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு ஒரு காலத்தில் நொய்யலாற்றில் ஓடியது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். சில வருஷங்களுக்குள் அந்த அணையே சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. "தண்ணீர் விடுங்கள்" என்று கேட்க வேண்டிய விவசாயிகள் "ஐயா, விடாதீர்கள்!" என்று கெஞ்சும் விபரீதம் வந்தது. வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிவிட்டது.

பிழைப்புப் போயிற்றே என்று ஊரே தலையில் கை வைத்துக்கொண்டது. ஆனால் அந்த நெருக்கடியிலிருந்துதான் வழி பிறந்தது. ஒரு சொட்டும் வெளியே விடாமல், ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சுவதைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் தனித் தனியே மீட்கக் கற்றுக்கொண்டார்கள். நூறு குடம் போனால் தொண்ணூறு குடத்துக்கு மேல் திரும்பி வருகிறது! அதே தண்ணீரில் மறுபடி சாயம் போடுகிறார்கள். உப்பும் மறுபடி உபயோகமாகிறது. செலவு கொஞ்சமல்ல, கரண்டும் ஏராளமாக வேண்டும். ஆனாலும் பட்டறை ஓடுகிறது. தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிகிறது.

சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் பலவும் கழிவு நீரிலிருந்து எரிவாயு எடுக்கின்றன. பாயசத்துக்கு ஜவ்வரிசியும் ஆயிற்று, ஆலைக்கு எரிபொருளும் ஆயிற்று! சென்னையிலோ 2019-லிருந்து கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் தரக்கூடியது. ஆலை எவ்வளவுக்கெவ்வளவு அதை வாங்கிக்கொள்கிறதோ, அவ்வளவு ஏரித் தண்ணீர் நம் குழாய்க்கு மிச்சம்.

லண்டன் நகரத்துத் தேம்ஸ் நதியை 1957-ல் 'ஜீவனற்ற நதி' என்றே சொல்லிவிட்டார்கள். விடாமல் சுத்தம் செய்தார்கள். 1974-ல் அதில் சால்மன் மீன் அகப்பட்டது! ஆறு வஞ்சம் வைத்துக்கொள்வதில்லை, நேயர்களே. நாம் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொண்டால், பழையதை மறந்து திரும்பி வந்துவிடுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-லேயே தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் ஏற்பட்டது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஓடுகிற நிலையில் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஆலைகளுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்து, அதற்கும் அசையாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிற்று. 'இருந்தால் போதாது, ஓட வேண்டும்' என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் சட்டத்துக்குக் கண் கிடையாது, நாம்தான் கண். வாய்க்கால் தண்ணீர் நிறம் மாறினால், கிணற்றில் புது வாடை வந்தால், முதலில் தெரிந்துகொள்வது யார்? குடம் எடுத்துக்கொண்டு போகிற பெண்தான். "என்னமோ ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருக் குழாய்க்குப் போய்விடாதீர்கள். நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேராகச் சேர்ந்து, மாவட்டத்திலுள்ள வாரியத்தின் அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள்.

வீட்டிலும் ஒரு காரியம் உண்டு. காலாவதியான மருந்து, மிச்சமான பெயிண்டு, பழைய பாட்டரி இவற்றைச் சாக்கடையில் போடாதீர்கள். நம் வீட்டுக் கழுநீர்ப் பானையில் சோடாவைக் கொட்டிய கதைதான் அது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையோ பெண்ணோ ரசாயனம் படித்துவிட்டு, "கழிவு நீர் நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது" என்று வந்து நின்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள். டாக்டர் ஒரு சமயத்தில் ஒரு நோயாளியைத்தான் பார்க்கிறார். இவர் சரியாக வேலை செய்தால், ஓர் ஆற்றங்கரை முழுவதும் நோயாளியாகாமல் தப்புகிறது.

கம்மாபுரத்துப் பக்கத்தில் புறப்பட்ட தண்ணீர் வயலுக்கும் ஏரிக்கும் போய், உப்பனாறாகி, கடலூர் மீன்காரியின் கூடைக்கு வந்து சேருகிறது. அங்கிருந்து மறுபடி நம் வீட்டுச் சட்டிக்கே வந்துவிடுகிறது. வெளியே கொட்டியது வெளியே போய்விட்டதாக நினைக்க வேண்டாம்.

அடுத்த முறை அரிசி களையும்போது பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். "இந்தத் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள்?" என்று அவள் கேட்ட கேள்வியை நம் வீட்டிலும் கேட்போம், ஆலை வாசலிலும் கேட்போம்.